ஆபீஸ் மணியும் பஸ் மணியும்

எங்கள் கம்பெனியில் யாரிடமாவது மணி என்ன என்று கேட்டால் உடனே பதில் வராது. "ஆபீஸ் மணியா, பஸ் மணியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்து முறைத்திருக்கிறேன். விஷயம் பிறகுதான் தெரிந்தது. கம்பெனியைத் தொடங்கிய பெரிய முதலாளி, ஆட்கள் நேரத்துக்கு வந்து சேரவேண்டும் என்று எல்லாச் சுவர்க் கடிகாரங்களையும் பத்து நிமிடம் கூட்டி வைத்தாராம். அவர் காலம் முடிந்து, மகன் முதலாளியாகியும் அந்தப் பத்து நிமிடம் அப்படியே இருக்கிறது. சங்கு ஊதுவது, கேட்டை மூடுவது, சாப்பாட்டுக்கு விடுவது எல்லாம் அந்தக் கணக்கில்தான். கடிகாரம் முந்துகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வார்கள். அப்படியென்றால் கூட்டி வைத்து என்ன பிரயோஜனம் என்று நான் ஒருமுறை கேட்டேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அத்தோடு விட்டுவிட்டேன்.

கம்பெனி இருப்பது ராஜபாளையத்துக்கு வெளியே. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணியும் பஞ்சுச் சுருளும் செய்கிறோம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். 'கம்ப்யூட்டர் பிரிவு' என்று பலகை மாட்டிய ஓர் அறை உண்டு. அந்தப் பிரிவு முழுக்க நான் ஒருத்திதான். அங்கே ஓடுகிற ஏசிகூட எனக்காக இல்லை, சர்வருக்காக. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும், மவுஸ் நகராவிட்டாலும், சமயத்தில் டியூப்லைட் மினுக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிற சாக்கில், "ஊர்லருந்து வாரப்ப பால்கோவா கொண்டு வரலையா?" என்று ஒரு விசாரணையும் இருக்கும். கோவில் தெருவில் குடியிருந்தால் தினமும் தேர் இழுக்கவேண்டும் என்பது போல இருக்கும் எனக்கு. கோபம் எனக்குச் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போயும் விடும். நான் பஸ் மணிக்காரி. அதிலும் கொஞ்சம் பிந்திய பஸ்.

டெஸ்பாட்ச் அக்கா அப்படி இல்லை. மம்சாபுரத்திலிருந்து வருகிறவர். கேட் திறக்கும்போதே வாசலில் நிற்பார். பல வருடம் பேக்கிங் ஹாலில் உட்கார்ந்து, தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு, பேண்டேஜ் சுருள்களைப் பெட்டியில் அடுக்கியவர். சரக்கு அனுப்பும் மேசையில் இருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, "நான் பாக்கேன் சார்" என்று மேனேஜரிடம் தானாகப் போய்க் கேட்டார். அவர் அப்படிக் கேட்டதை நம்ப முடியாமல் பேக்கிங் ஹாலே அன்று வேலையை நிறுத்திவிட்டுப் பேசியது. சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்கு வந்து கம்ப்யூட்டர் பழகினார். எனக்குப் பொறுமை கிடையாது. அவருக்கு எனக்கும் சேர்த்து இருந்தது. ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும் என்று மேனேஜர் ஒப்புக்கொண்டார்.

காலையில் கம்ப்யூட்டரைப் போடுவதற்கு முன்னால் அக்கா கண்ணை மூடி, "ஆண்டவரே, இன்னைக்கும் கூட இரும்" என்பார். பிறகுதான் பொத்தானை அமுக்குவார். அந்த ஜெபம் எனக்குமே தேவைப்படும் என்று அப்போது தெரியாது.

வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் பாதுகாப்பு பாதுகாப்பு என்று நச்சரித்ததில், கம்பெனி மென்பொருளுக்குள் நுழையப் புது ஏற்பாடு ஒன்று வந்தது. பாஸ்வேர்டு மட்டும் போதாது. போனில் ஒரு செயலி ஆறு இலக்க எண் ஒன்றைக் காட்டும், அதையும் அடிக்கவேண்டும். அந்த எண் அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை எல்லாரையும் கூட்டி, அவரவர் போனில் அந்தச் செயலியை ஏற்றி, திரையில் வந்த கட்டம் கட்டமான படத்தைப் பிடிக்க வைத்தேன். எல்லார் போனிலும் எண் ஓட ஆரம்பித்தது. அது மாறுவதைப் பார்த்து ஆளாளுக்கு ஒரே குதூகலம். திங்கட்கிழமையிலிருந்து இப்படித்தான் உள்ளே போகவேண்டும் என்று சொல்லிவிட்டு, பெரிய காரியத்தை முடித்தவள் போல ஊருக்குப் பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை நான் வந்தபோது என் அறை வாசலில் ரேஷன் கடை போலக் கூட்டம். கணக்குப்பிள்ளை சார், தரம் பார்க்கிற மேடம், கேட்டில் பதிவு போடுகிறவர், டெஸ்பாட்ச் அக்கா. எண்ணை அடித்தால் 'தவறு' என்கிறது. திரும்ப அடித்தால் திரும்பவும் 'தவறு'. ஐந்து தடவை தவறினால் கணக்கே பூட்டிக்கொள்ளும். எல்லாருடையதும் பூட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கூட்டத்தைத் தாண்டி, எனக்கும் பிந்தி வந்த மார்க்கெட்டிங் ஆட்கள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் எண்ணை அடித்து ஒரே தட்டில் உள்ளே போனார்கள். நானும் போனேன்.

"உங்களுக்கு மட்டும் எப்படித் தொறக்கு?" என்றார் கணக்குப்பிள்ளை சார், நான் ஏதோ மறைத்து வைத்திருப்பது போல.

பூட்டைத் திறந்துவிட்டேன். பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தேன். செயலியை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன், படத்தைத் திரும்பப் பிடிக்க வைத்தேன். புது எண் ஓடியது. அடித்தால் 'தவறு'. நெட்வொர்க் வயரைப் பிடுங்கிச் செருகினேன். மதுரையில் இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவர்களுக்குப் போன் போட்டேன். "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் மேடம் இருக்கு, யூசர் தப்பா அடிக்கிறாங்களோ என்னமோ" என்றார் அங்கே இருந்த தம்பி. அவர் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உள்ளுக்குள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மற்றவர்களுக்கு அவசரம் இல்லை. அக்காவுக்கு இருந்தது. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற லாரி சரக்கு ஏற்றிக் கேட்டில் நின்றது. சரக்கோடு போகவேண்டிய இ-வே பில்லை அக்காவின் கணக்கிலிருந்துதான் போட முடியும். டிரைவர் வேறு வந்து வந்து எட்டிப் பார்த்தார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. லாரி கேட்டில் நின்றால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். அக்காவுக்குக் கேட்கும்படியாகவே என்னிடம் சொன்னார். "இந்தா பாரும்மா. மத்தியானச் சங்கு ஊதுறதுக்குள்ள அவங்களால உள்ள போக முடியலைன்னா, பில் போடுற உரிமையை மார்க்கெட்டிங்ல ஒரு பையனுக்கு மாத்திக் குடுத்துரு. அவங்களுக்கு இது ஒத்து வரலை. பழையபடி பேக்கிங்ல இருக்கட்டும், சம்பளத்துல ஒண்ணும் கொறைக்கப் போறதில்ல."

மாற்றிக் கொடுக்க வேண்டிய கை என் கை. ஒரு சொடுக்கில் முடிகிற வேலை. அந்த மேசையும் நாற்காலியும் அக்காவிடமிருந்து போவதற்கு அவ்வளவுதான் ஆகும்.

மேனேஜர் போன பிறகு அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எண்ணைச் சரியாத்தான் பாக்கேன் தாயி. விரலும் சரியாத்தான் அடிக்குது. ஆனா தப்பு தப்புன்னே சொல்லுதே. எனக்குப் புத்திதான் மழுங்கிருச்சோ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. சமாதானம் சொல்கிறவளின் குரலாக இருந்ததே தவிர, நம்புகிறவளின் குரலாக இல்லை.

நான் திரும்பவும் சர்வரோடு மல்லுக்கட்டிவிட்டு வெளியே வந்தபோது டெஸ்பாட்ச் நாற்காலி காலியாக இருந்தது. அக்கா பேக்கிங் ஹாலில் இருந்தார். தலையில் வலைத்தொப்பி. யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்து சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த ஹாலில் நான் முதல்முறையாக ஃபேன் ஓடுகிற சத்தத்தைக் கேட்டேன். கோபமாக, "எந்திரிங்கக்கா, இன்னும் சங்கு ஊதலை" என்றேன்.

"விடு தாயி. அவிய சொல்லும் முன்ன நானே வந்துட்டா மரியாதை."

அந்த நேரத்தில் கேண்டீன்காரர் டீக் கேத்தலோடு உள்ளே வந்தார். அக்கா போனை எடுத்துப் பார்த்து, "டீ இன்னைக்கு ரொம்ப லேட்டு. பதினொண்ணு அடிச்சு எம்புட்டு நேரமாச்சு" என்றார். சும்மா பேச்சை மாற்றுவதற்காகச் சொன்னதுதான்.

எனக்கோ யாரிடமாவது சண்டை போட்டாக வேண்டிய நிலைமை. "என்னக்கா சொல்றீங்க, பதினொண்ணே இன்னும் ஆகலை" என்று என் போனை நீட்டினேன்.

"ஆச்சுட்டி, இந்தா பாரு" என்று அவர் போனை அவர் நீட்டினார்.

இரண்டு போனும் பக்கத்தில் பக்கத்தில். என்னுடையது பதினொன்றுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றது. அவருடையது பதினொன்று தாண்டிவிட்டது என்றது. நடுவில் பத்து நிமிடம்.

"போன் எப்படிக்கா ஆபீஸ் மணி காட்டுது? அது தன்னால டவர்லருந்துல்ல நேரம் எடுக்கும்?"

"நான்தான் மாத்தி வச்சேன். தெனமும் கழிச்சுக் கழிச்சு யாரால ஏலும்? வீட்டுக் கடிகாரம், இது எல்லாத்தையும் ஆபீஸ் மணிக்கே வச்சுட்டேன். பொறவு கொழப்பமே இல்ல. கணக்குப்பிள்ளை சார் போன்லகூட நான்தான் வச்சுக் குடுத்தேன், தரம் பாக்குற மேடத்துக்கும்."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. பேக்கிங் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சர்வரோடு பழகிப் பழகி இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

விஷயம் இதுதான். அந்த ஆறு இலக்க எண் எங்கிருந்தும் போனுக்கு வருவதில்லை. போன் தன் கடிகாரத்தைப் பார்த்து ஓர் எண்ணைக் கணக்குப் போடும். சர்வர் தன் கடிகாரத்தைப் பார்த்து அதே கணக்கைப் போடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் உள்ளே விடும். அக்காவின் போன் இப்போது காட்டுகிற எண்ணைச் சர்வர் பத்து நிமிடம் கழித்துத்தான் போடும். இது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இந்தக் காலத்தில் போன் நேரத்தைக் கையால் மாற்றி வைக்கிற ஜனங்கள் இருப்பார்கள் என்று மதுரைத் தம்பிக்கும் தோன்றவில்லை, அந்த ஜனங்களோடு தினமும் டீ குடிக்கிற எனக்கும் தோன்றவில்லை. சங்கு ஊதுவதற்கு முன்னால் வந்து நிற்கிற ஒழுங்கான ஆட்கள் எல்லாரும் வெளியே. பஸ் மணிக்காரர்களான நாங்கள், சோம்பேறிகள் மொத்தமும், உள்ளே.

"அக்கா, உங்க எண்ணு தப்பே இல்ல. நீங்க எப்பவும் போலச் சீக்கிரம் வந்துட்டீங்க. கதவு இன்னும் தொறக்கலை, அம்புட்டுதான்."

போனை இந்த நிமிடமே சரியான நேரத்துக்கு மாற்றிவிட்டு உள்ளே போயிருக்கலாம். ஆனால் எனக்கு அது போதவில்லை. 'சிஸ்டம் மேடம் ஏதோ செஞ்சு உள்ள விட்டுட்டாங்க' என்றுதான் பேச்சு வரும். அக்காவின் மேல் விழுந்தது அப்படியே இருக்கும். தொப்பியோடு அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். எங்களுக்குப் பின்னால் டீ டம்ளர்களோடு பாதி பேக்கிங் ஹாலும் வந்தது.

மேனேஜர் கம்ப்யூட்டர் முன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "மணிக்கும் நம்பருக்கும் என்னம்மா சம்பந்தம்? சாக்குச் சொல்லாதே."

"சார், இப்ப அக்கா போன்ல என்ன எண்ணு ஓடுதுன்னு பாத்து நீங்களே எழுதி வைங்க. இதே எண்ணைப் பத்து நிமிஷம் கழிச்சு உங்க கையாலயே அடிங்க. அப்பவும் தப்புன்னு வந்தா நான் அந்த உரிமையை மாத்திக் குடுத்துடுறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நிச்சயம் இல்லை. அக்கா கடிகாரத்தைக் கண்ணால் பார்த்து வைத்தவர். சரியாகப் பத்தா, ஒன்பதே முக்காலா என்று யாருக்குத் தெரியும்? சர்வர் கொஞ்சம் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளும், ரொம்பப் பொறுக்காது. மேனேஜர் அந்த எண்ணை நாள்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதினார். நான் அக்காவின் பூட்டைத் திறந்துவிட்டேன். எல்லாரும் டெஸ்பாட்ச் மேசைக்குப் போய்ச் சுற்றி நின்றோம்.

பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கணக்குப்பிள்ளை சார் செய்தி கேட்டு வந்து நின்றார். லாரி டிரைவர் எதற்கென்றே தெரியாமல் வந்து நின்றார். என் கையில் இருந்த டீ ஆறிப்போனது. அக்கா மட்டும் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்தது.

"அடிக்கட்டுமா?" என்றார் மேனேஜர். என் போனைப் பார்த்து, "அடிங்க சார்" என்றேன்.

ஒவ்வோர் எண்ணாகத் தாளைப் பார்த்துப் பார்த்து அடித்தார். 'தவறு.'

யாரோ பின்னால் "ச்சு" என்றார்கள். அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை. "செத்த நேரம் பொறுங்க சார், முந்திட்டோம்" என்றேன். நான் மனசுக்குள் எண்ணினேன், வழியில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன், இருந்தும் "இப்ப" என்றேன்.

மேனேஜர் அதே எண்ணைத் திரும்ப அடித்தார். திரை ஒரு கணம் வெள்ளையானது. பிறகு அக்காவின் பெயரைப் போட்டு, 'நல்வரவு' என்றது.

அந்தக் கூச்சலை நான் எப்படிச் சொல்வது? ஊர்த் திருவிழாவில் தேர் நிலைக்கு வந்தால்கூட இப்படிக் கத்தமாட்டார்கள். பேக்கிங் பெண்கள் ஒருத்தி முதுகில் ஒருத்தி அடித்துக்கொண்டார்கள். டிரைவரும் சேர்ந்து கை தட்டினார். தரம் பார்க்கிற மேடம், யாரிடமும் சிரிக்காதவர், என்னைக் கட்டிப்பிடித்தார். சத்தம் கேட்டு முதலாளியே இறங்கி வந்துவிட்டார். அவர் வீட்டில் தெலுங்கு. ஆச்சரியம் வந்தால் முதலில் அதுதான் வரும். "ஏமி, ஏமி?" என்றபடி வந்தவருக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்பா வச்ச மணியை மாத்த முடியாதும்மா. போனை எல்லாம் மாத்திருங்க" என்றார். போகும்போது தன் போனை ஒரு தரம் எடுத்துப் பார்த்துக்கொண்டே போனார்.

வரிசையாக எல்லார் போனையும் வாங்கி, நேரத்தைத் தன்னால் எடுத்துக்கொள்ளும்படி மாற்றிக் கொடுத்தேன். அக்கா மட்டும் தரத் தயங்கினார். "இதை மாத்திட்டா பஸ்ஸை விட்டுருவேனே தாயி" என்றார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "அது மட்டும் இல்ல. அந்தப் பத்து நிமிஷம் சீக்கிரமா வந்து பஸ் ஸ்டாப்புல சும்மா உக்காந்திருப்பேன். சோறு ஆக்கணும், துணி தொவைக்கணும்னு ஒண்ணும் இருக்காது. எனக்குன்னு இருக்க நேரம் அதுதான்" என்றார். வீட்டுக் கடிகாரத்தில் யாரும் கை வைக்கப் போவதில்லை என்று சொன்ன பிறகுதான் போனைக் கொடுத்தார்.

கூட்டம் கலைந்த பிறகும் மேனேஜர் போகாமல் நின்றார். கதவுப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் தன் போனை என் கையில் வைத்தார்.

"சார், நீங்களுமா?"

"காலையிலருந்து உள்ளயே போக முடியலம்மா" என்றார். "வெளிய சொன்னா நல்லாவா இருக்கும்?" கேட் திறக்கும் முன்னால் வந்து நிற்கிறவர்களில் அவரும் ஒருவர் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அக்காவைப் பேக்கிங்குக்கு அனுப்புகிறேன் என்ற அந்த நேரம் முழுக்க, மனிதர் தன் அறைக்குள் பூட்டிய திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வந்த சிரிப்பை நான் அடக்கவில்லை. அவரும் அடக்கவில்லை. பிறகு அக்கா பக்கம் திரும்பி, சிரிப்பு அடங்கிய குரலில், "மன்னிச்சுக்கோங்க. ஒரு மாசம் பாக்கலாம்னு சொன்னேன்ல, அதெல்லாம் வேண்டாம். இது உங்க மேசைதான்" என்றார்.

அக்கா தலையை ஆட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து பில்லைப் போட்டார். பிரிண்டர் தாளைத் துப்பியது. டிரைவர் அதை வாங்கிக்கொண்டு ஓடினார். மதியச் சங்கு ஊதும்போது லாரி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

பேக்கிங் பெண்கள் இன்னும் வாசலில் நின்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா தலையில் தொப்பி இருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. கழற்றி மேசை மேல் வைத்தார். திரையில் அடுத்த சரக்கின் விவரத்தைப் படித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அன்றுவரை அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத குரலில் சத்தம் போட்டார்.

"ஏட்டி, என்னத்தை வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிய? சாயங்கால லாரிக்குப் பெட்டி எங்க? சாப்பிட்டுட்டுச் சட்டுன்னு கட்டி அனுப்புங்க!"

வாசலில் நின்ற அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பாத்தியாட்டி, அதுக்குள்ள அதட்டுதா!" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இனி நம்ம கிட்ட வரமாட்டா, போ" என்றாள் இன்னொருத்தி. திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட கூட்டத்தை நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அக்கா சாயங்கால லாரிக்கான பில்லை அடிக்க ஆரம்பித்தார்.